கண்டிப் பட்டறைகளும் உராய்வுநீக்கி எண்ணெயும்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் நீராவியையும் உருக்கையும் போற்றுவர். அப்பொறிகளைத் தேயாது காத்த எண்ணெயை நினைப்போர் மிகச் சிலரே. தக்க எண்ணெயைத் தெரிந்தெடுக்கும் அறிவு வளர்ந்த வரலாற்றைக் கண்டியிலிருந்து நோக்குதல் பயன்தரும்.

1854ஆம் ஆண்டில் ஜோன் வாக்கர் என்னும் ஸ்கொத்லாந்தியர் கண்டியிற் பொறியியற் பட்டறையொன்றை நிறுவினார். கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய பொறிகளை ஆக்குதலும் செப்பனிடுதலும் அதன் பணியாயின. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. பறித்த கொழுந்து காத்திராது. உருட்டும் பொறி நின்றுவிடின், தொழிலாளர் நாள் முழுதும் மலையேறிப் பறித்தது வீணாகும். எனவே, அப்பொறிக்கு உறுப்புக்கள் கடைந்துதரும் பட்டறைக் கடைசற்பொறி பிழையின்றி இயங்குதல் இன்றியமையாதது. அதன் சுழலச்சு தேய்ந்து ஆடுமாயின், கடையப்படும் உறுப்பும் அளவு பிழைக்கும்.

அக்காலத்தில் நீராவி உருளைகளுக்கு விலங்குக் கொழுப்பும், நுண்ணிய சுழலச்சுக்களுக்குத் திமிங்கில எண்ணெயும், இந்தியப் புகையிரதங்களில் ஆமணக்கெண்ணெயும் பயன்பட்டன. இவ்வகை எண்ணெய்கள் நாட்பட அமிலத்தன்மை எய்தி உலோகத்தை அரிப்பன. சில பிசின்போல் இறுகுவன. இலங்கையில் மலிந்த தேங்காயெண்ணெயோ ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவது. கொழும்பில் ஒழுகும் அவ்வெண்ணெய் தைமாத விடியலிற் கண்டியிற் கட்டியாய் நிற்றலை இல்லந்தோறுங் காணலாம். ஓரிடத்துக்கு உகந்த எண்ணெய் பிறிதோரிடத்துக்கு உகவாதென்பதற்கு வேறு சான்று வேண்டா.

1859இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி எண்ணெய் கண்டபின், கனிய எண்ணெய் பெருகலாயிற்று. ஆயினும் எண்ணெய் தொழிற்படும் முறை மறைபொருளாகவே இருந்தது. 1883இல் புகையிரத அச்சுப் போதிகைகளை ஆராய்ந்த பீச்சம் டவர், போதிகையில் இட்ட துளைவழியே எண்ணெய் மேலெழக் கண்டார்; மரத்தக்கையால் அடைத்தபோது தக்கையையே அது வெளித்தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, தன்னைத் தாங்கும் அழுத்தமுள்ள படலத்தை ஆக்குகின்றது என்பதை 1886இல் ஓஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையால் நிறுவினார்.

இவ்வுண்மையே தெரிவுக்கு அடிப்படை. வேகம் மிகின் மெல்லிய எண்ணெயும், சுமை மிகின் தடித்த எண்ணெயும் வேண்டும். வெப்பத்தால் எண்ணெய் நெகிழுமாதலின் அதனையுங் கருதுதல் வேண்டும். 1975இல் வகுக்கப்பட்ட அனைத்துலகத் தரவரிசை, 40 பாகை செல்சியசிலுள்ள பிசுக்குமையை எண்ணாற் குறிக்கின்றது. விரைந்து சுழலும் அச்சுக்குப் பொதுவாக 10 அல்லது 22 போன்ற சிற்றெண்ணும், கடைசற்பொறியின் வழுக்குத் தளத்துக்கு ஒட்டுந்தன்மை சேர்த்த 68ஆம் எண்ணும் பொருந்தும். மோட்டார் வாகன எண்ணெய் அழுக்கைத் தன்னுள் மிதக்கவிடும் இயல்பினது. வடியற்ற பற்சில்லுப் பெட்டியில் அழுக்கு அடியிற் படிதலே நன்று. பொறியைச் செய்தோர் விதித்த எண் யாதென முதலில் நோக்குதல் அறிவுடைமை.

ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. ஆங்குள்ள பழம்பொறிகளைக் காணும் மாணவர், அவற்றின் உருக்கை மட்டுமன்றி, இடமும் வேலையும் அறிந்து அவற்றுக்கு எண்ணெயிட்ட பெயரறியாத் தொழிலாளரையும் நினைவுகூர்தல் தகும்.