காடி சுமந்த மர வண்டிகள்

ஊரிலிருந்து தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பும் தமிழ்க் குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஊறுகாய் ஜாடி ஒன்று இல்லாமற் போவது அரிது. அந்த ஜாடி பீங்கானாக இருப்பதன் காரணத்தை நம் வீட்டு மூதாட்டியர் நன்கு அறிவர். புளிப்பு உலோகத்தை அரிக்கும். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசச் சொன்னதும், புளிக்குழம்பைக் கல்சட்டியில் கொதிக்க வைத்ததும் இவ்வறிவினாலன்றோ? அடுக்களைக்கு உரிய இச்சிறு உண்மை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் இருப்புப் பாதைகளில் விந்தையான வண்டி ஒன்றை நெடுங்காலம் ஓட வைத்தது. அது வினிகர், அதாவது காடி, ஏற்றிச் சென்ற மரத்தொட்டி வண்டி. அதன் வரலாற்றையும், அதனைச் சிறு உருவில் செய்து பார்க்கும் முயற்சி நமக்குக் கற்பித்ததையும் இங்குக் கூற விழைகிறோம்.

தொட்டி வண்டியின் பிறப்பு காடியோடு தொடங்கவில்லை, கச்சா எண்ணெயோடு தொடங்கிற்று. 1859 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிரேக் என்பார் துளையிட்டு எண்ணெய் கண்டார். எண்ணெய் பெருகிற்று, அதைக் கொண்டு செல்லும் வழி பெருகவில்லை. ஒவ்வொரு பீப்பாயாக வண்டியில் ஏற்றி இறக்குவது பெருஞ்செலவாயிற்று. வழியிற் கசிவும் மிகுதி. 1865 ஆம் ஆண்டில் டென்ஸ்மோர் சகோதரர்கள், கூரையும் பக்கச் சுவரும் அற்ற தட்டை வண்டி ஒன்றின் மீது பெரிய மரத்தொட்டிகள் இரண்டை நிறுத்தி, அவற்றில் எண்ணெயை நிரப்பி அனுப்பினர். மறு ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றனர். இவர்களுள் ஜேம்ஸ் டென்ஸ்மோர் பின்னாளில் ஷோல்ஸ் என்பாரின் தட்டச்சுப் பொறிக்குப் பொருளுதவி செய்தவர். அலுவலகத்தில் நாள்தோறும் தட்டச்சோசை கேட்டு வாழும் நம் போன்றோருக்கு அவர் முற்றிலும் அயலவர் அல்லர்.

ஆயினும் நிமிர்ந்து நின்ற அத்தொட்டிகளின் பாரம் உயரத்தில் அமைந்தது; வண்டி ஆடுகையில் அது தீங்காயிற்று. சில ஆண்டுகளுக்குள் நீராவிக் கொதிகலனைப் போலப் படுக்கையாகக் கிடத்திய இரும்புத் தொட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. எண்ணெயைப் பொறுத்த மட்டில் மரத்தின் கதை அத்துடன் முடிந்தது. புதியது வந்தது, பழையது போயிற்று என்று வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் ஏட்டை மூடி விடுவதுண்டு. அவ்வாறு மூடுவது பிழை என்பதைக் காட்டவே காடி வண்டி நிற்கிறது.

காடி என்பது புளித்த மதுவின் மறு உருவம். சாராயச் சத்துள்ள நீர்மம் காற்றுடன் சேரும்போது நுண்ணுயிர்கள் அதனை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இம்மாற்றத்தில் நுண்ணுயிர்களுக்குள்ள பங்கை 1860களில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் விளக்கினார். அதற்கு முன்னரே, 1823 ஆம் ஆண்டில், ஜெர்மானியரான ஷூட்ஸன்பாக் என்பார் மரச் சீவல்களின் வழியே நீர்மத்தைச் சொட்ட விட்டு விரைவில் காடி ஆக்கும் முறையை வகுத்திருந்தார். அமெரிக்காவில் ஆப்பிள் சாற்றிலிருந்தும் தானியச் சாராயத்திலிருந்தும் காடி பெருமளவில் உண்டாக்கப்பட்டது. ஊறுகாய்த் தொழிற்சாலைகள் அதனைப் பெருமளவில் வாங்கின. கான்சாஸ் நகரத்து ஸ்பியாஸ் நிறுவனமும், விர்ஜினியாவில் வின்செஸ்டரைச் சார்ந்த நேஷனல் ஃப்ரூட் பிராடக்ட் நிறுவனமும், 1929 ஆம் ஆண்டில் உருவான ஸ்டாண்டர்டு பிராண்ட்ஸ் நிறுவனமும் இவ்வணிகத்தில் ஈடுபட்டவை.

இவ்வளவு காடியையும் சாதாரண இரும்புத் தொட்டியில் ஊற்ற இயலுமோ? இயலாது. அமிலம் இரும்பை அரிக்கும். கரைந்த இரும்பு காடியின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். மரமோ அமிலத்தைத் தாங்கும்; சுவையைக் கெடுக்காது. ஆகவே எண்ணெய்க்காரர்கள் கைவிட்ட மரத்தைக் காடிக்காரர்கள் பற்றிக் கொண்டனர். ஆனால் எண்ணெயின் அனுபவத்தை அவர்கள் வீணாக்கவில்லை. தொட்டியைப் படுக்கையாகக் கிடத்தினர். உடலை மட்டும் மரமாகவே வைத்தனர்.

விளிம்பு சரிவாகச் செதுக்கிய நீண்ட பலகைகளை வட்டமாக அடுக்கி, வெளியே இரும்பு வளையங்களைப் பூட்டி, திருகாணிகளால் இறுக்குவது இத்தொட்டியின் அமைப்பு. பலகைகளைச் சேர்த்து நிறுத்துவது ஆணியன்று, வளையத்தின் இறுக்கமே. உள்ளிருக்கும் நீர்மத்தைக் குடித்து மரம் உப்ப, இடுக்குகள் தாமே அடைபடும். வண்டி வெறுமையாய் வெயிலில் நெடுநாள் கிடந்தாலோ, மரம் உலர்ந்து சுருங்கும், வளையம் தளரும், மறுமுறை நிரப்பும்போது கசியும். மரத்தொட்டிக்கு ஓய்வே பகை எனலாம்.

இனி நம் முயற்சிக்கு வருவோம். மாதிரி இருப்புப் பாதை அமைப்போரிடையே எச்.ஓ. என்னும் அளவு பெருவழக்கு. அதில் மெய்யான வண்டியின் ஓர் அடி 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஏறத்தாழ 87இல் ஒரு பங்கு. 35 அடி வண்டி 122 மில்லிமீட்டர் அளவில் உள்ளங்கையில் அடங்கி விடும். ஆறு அங்குலப் பலகை 1.75 மில்லிமீட்டர் ஆகும். ஓர் அங்குலப் பருமனுள்ள வளையமோ 0.3 மில்லிமீட்டரினும் மெலிந்து, தையல் நூலளவாகி விடும்.

முதல் வண்டியைச் செய்தபோது நாம் ஒரு பிழை செய்தோம். பழைய அமெரிக்க நிலையங்களில் நின்ற மரத்தண்ணீர்த் தொட்டியின் படத்தைப் பார்த்து, அதே போல வளையங்களை ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் இடைவிட்டும் கட்டினோம். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. பின்னர்ச் சிந்தித்தபோது நாணம் மேலிட்டது. நிமிர்ந்து நிற்கும் தொட்டியில் அடிப்புறத்தில் நீரின் அழுத்தம் மிகுதி. அதனால் அங்கே வளையங்கள் நெருங்கி நிற்கும். படுத்திருக்கும் தொட்டியில் இம்முனைக்கும் அம்முனைக்கும் அழுத்தத்தில் வேற்றுமை ஏது? ஒரு முனையில் வளையங்கள் குவியக் காரணமே இல்லை. நாம் படத்தைப் பார்த்தோம்; அதன் காரணத்தைப் பார்க்கவில்லை. கட்டிய நூலையெல்லாம் அவிழ்த்து மீண்டும் கட்ட ஒரு வாரம் பிடித்தது.

காலப் பிழையும் இத்தகையதே. 1893 ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய பாதுகாப்புச் சட்டம், வண்டிகளுக்குத் தானியங்கி இணைப்பையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன் இரு வண்டிகளின் நடுவே நின்று கையால் இணைத்த தொழிலாளர் பலர் விரலையும் உயிரையும் இழந்தனர். இருபதாம் நூற்றாண்டுக் காடி வண்டிக்குப் பழைய இணைப்பை மாட்டினால், அவர்களது துன்பம் எப்போது தீர்ந்தது என்னும் செய்தியையே நாம் பொய்யாக்கியவர்களாவோம். அவ்வாறே, வண்டியின் பக்கத்தில் எழுதும் அடையாள எழுத்துகள் 'எக்ஸ்' என முடிந்தால், அது இருப்புப் பாதை நிறுவனத்தின் வண்டியன்று, தனியாருடைமை என்று பொருள். ஓர் எழுத்து தவறினால் உடைமையே மாறி விடும்.

துருவேறா எஃகும், உட்புறம் பூச்சிட்ட தொட்டிகளும், சாலை வண்டிகளும் வந்த பின் மரத்தொட்டி வண்டிகளின் தொழில் முடிந்தது. எஞ்சிய சில அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. காடியின்றி உலர்ந்த பலகைகள் சுருங்குகின்றன என்பதை மேலே கூறினோம். பயன் இழந்த பொருளைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மெய்யான மரம் உளுத்துப் போன பின், அதன் அளவையும் அமைப்பையும் ஒருவேளை இந்த உள்ளங்கை வண்டிகளே சொல்ல நேரிடலாம். அப்போது அவை உண்மை சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பாடம் புதியதன்று. ஒரு மொழியிலுள்ளதை மற்றொரு மொழியில் இறக்கும்போது சொல்லைப் பார்த்து எழுதினால் போதாது. அச்சொல் ஏன் அங்கு நின்றது என்று அறிந்து எழுத வேண்டும். மாதிரி வண்டியும் ஒரு மொழிபெயர்ப்பே. தொலைவில் வாழும் நம் இல்லங்களில், ஊறுகாயை ஏன் பீங்கான் ஜாடியில் வைக்கிறோம் என்று குழந்தை கேட்குமாயின், 'அதுதான் வழக்கம்' என்று சொல்லி அனுப்பி விடாதிருப்போமாக. காரணத்தோடு கொடுத்த வழக்கமே வேற்றூரிலும் நிலைக்கும்.