இரண்டாவது நிரல் சொல்லும் வரலாறு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் போய் உயிரித் தகவலியலில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர் ஆகட்டும், சென்னையிலேயே சேருகிறவர் ஆகட்டும், கணினியில் கட்டிய புரத வடிவத்தை இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வழிகாட்டியிடம் எடுத்துப் போவார். அந்த வரைபடமே ஒரு முனைவர் பட்ட ஆய்வின் விளைச்சல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனின் மாணவர் சி. இராமகிருஷ்ணன் அதற்கான கணக்குகளை மேசைக் கணிப்பானில் போட்டார். வி. சசிசேகரனும் சேர, மூவர் பெயரில் 1963இல் கட்டுரை வெளிவந்தது.

பாடநூல்கள் இதைத் தூய வடிவியல் யோசனையாக வாசிக்கின்றன. பெப்டைடு பிணைப்பு தட்டையானது, விறைப்பானது. ஆகவே ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டு திருப்புக் கோணங்கள் போதும். அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களைக் கழித்தால் மிஞ்சுவது வரைபடம். விளக்கமாக இது சரி, வரலாறாகப் போதாது. எந்தத் தூரத்தில் இரண்டு அணுக்கள் ‘முட்டிக்கொண்டன’ என்று சொல்வது? அந்த வாசிப்பு இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. சென்னைக் குழுவோ பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரி வடிவம் ஒன்றை முன்வைத்து, அடுத்த ஆண்டு அதைச் சுருளின்மேல் சுருளாகத் திருத்தினார்கள். அதே 1955இல் ரிச், கிரிக் என்ற இரு ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்: இந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவு மீறி நெருங்குகின்றன. அந்த வடிவத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் பிற்காலச் சான்றுகள் ரிச், கிரிக் பக்கமே நின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அளவு’ என்பதற்கு அன்று எல்லாரும் ஏற்ற பட்டியல் இல்லை. சென்னைக் குழு, அதுவரை தீர்க்கப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக வடிவங்களைத் தேடி, அணு அணுவாகத் தூரங்களைத் திரட்டியது.

1963 கட்டுரையின் அட்டவணையை நிறுத்திப் படிக்க வேண்டும். ஒவ்வோர் அணுச் சோடிக்கும் ஓர் எண் அல்ல, இரண்டு. கரிமத்துக்கும் கரிமத்துக்கும் இடையே 3.2 ஆங்ஸ்ட்ராம், பக்கத்திலேயே கடைசி எல்லையாக 3.0. ஹைட்ரஜன் இரண்டுக்கு இடையே 2.0, எல்லை 1.9. வெறும் வடிவியல் பயிற்சிக்கு முதல் நிரலே போதுமே! இரண்டாவது நிரல், ‘இவ்வளவு நெருக்கமும் இயற்கையில் உண்டு’ என்று 1955இன் குற்றச்சாட்டுக்குச் சொன்ன பதிலாகவே தோன்றுகிறது. கட்டுரை இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஊகம்தான். ஆனாலும் அந்த நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை.

வரைபடம் பிறந்த ஆண்டு விஷயத்திலும் கறாராக இருக்க முடியாது. 1960 இறுதியில் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த கொலாஜன் கருத்தரங்கின் தொகுப்பு 1962இல் அச்சானது. பாலிபெப்டைடு வடிவங்களுக்கான அளவுகோல்கள் பற்றிய சசிசேகரனின் நீண்ட கட்டுரை அதில் இருக்கிறது. பேசியதற்கும் அச்சானதற்கும் இடையில் எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தொகுப்பை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது. 1960 என்பது மிகையாகலாம். 1963 நிச்சயம் தாமதம். வரைபடமும் இன்றைய உருவில் பிறக்கவில்லை: அச்சுகள் 0 முதல் 360 பாகை வரை ஓடின, இரண்டாம் கோணத்துக்கு ‘சை’ என்ற பெயர்கூட அப்போது இல்லை, ‘ஃபை’ எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு மட்டுமே.