பதிவேடு கேட்காத வாட்டு

குருநாகல்–தம்புள்ளை வீதியில் உள்ள கலேவெல போன்ற ஊரில், படிக்கும் பிள்ளைக்குப் புற்றுநோயோ சிறுநீரக நோயோ வந்தால் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விக்கு இலங்கை இரண்டு விடைகள் கண்டது. முதலாவது காப்புறுதியே இல்லாத விடை. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கிராமங்களுக்கு வைத்தியசாலை தேவை என்பதை அரசியல்வாதிகளால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீங்கியது. எழுபதுகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கட்டில் கேட்பவரிடம் எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த ஏற்பாட்டின் பலமே அதுதான் என்பேன்.

இரண்டாவது விடை 2017இல் வந்த சுரக்ஷா மாணவர் காப்புறுதி. 5 முதல் 19 வயது வரையான சுமார் 45 இலட்சம் மாணவருக்கு, பெற்றோர் ஒரு சதமும் கட்டாமல், இரண்டு இலட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். இலவச வைத்தியம் இருக்கையில் இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியவர்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்காதவர்கள். வாட்டுக்குக் காசில்லை, சரி. கலேவெலயிலிருந்து மஹரகமவுக்கு மாதா மாதம் கிளினிக் போகும் பஸ் காசு, கூடப் போகும் தாயின் இழந்த நாட்கூலி, வெளியே செய்யச் சொல்லும் ஸ்கேன், மருந்தகத்தில் இல்லாத ஊசி, இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பக் கையில் பணம் தரும் ஏற்பாடு தேவைதான்.

என் ஆட்சேபம் அந்தப் பணம் எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பதில். சுரக்ஷா பாடசாலைப் பதிவேட்டைப் பிடித்துத் தொங்குகிறது. உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவரும் வளாகத்துக்குள் போய்விட்டவரும் அதற்கு வெளியே. இந்தக் கோளாறு அமெரிக்காவில் இன்னும் கொடூரமாக வெளிப்பட்டது. பெற்றோரின் காப்புறுதியில் நீடிக்க முழுநேர மாணவராக இருக்க வேண்டியிருந்ததால், குடல் புற்றுநோய் வந்த ஒரு மாணவி கீமோவுக்கு நடுவிலும் வகுப்புகளை விடவில்லை. அவர் 2005இல் இறந்தார். அவர் பெயரில் 2008இல் வந்த ‘மிஷெல் சட்டம்’ நோய்க்காக விடுப்பெடுக்கும் மாணவருக்கு ஓராண்டு வரை காப்புறுதியைக் காத்தது. 2010இன் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம், மாணவரோ இல்லையோ 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் நீடிக்கலாம் என்று அந்த முடிச்சையே அவிழ்த்தது.

எங்காவது எல்லை போட்டுத்தானே ஆகவேண்டும், பணம் அளவோடுதானே இருக்கிறது என்பார்கள். உண்மைதான், பொருளாதார நெருக்கடியில் சுரக்ஷாவே தடைப்பட்டு 2024இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆனால் எல்லையைப் பாடசாலைச் சேர்க்கையில் போடுவது ஒன்று, நோய் கண்டறிந்த திகதியில் போடுவது இன்னொன்று. பதிவேட்டில் பெயர் இருக்கும்போது நோய் உறுதியானால், பெயர் வெட்டப்பட்ட பின்னும் சிகிச்சை முடியும்வரை கொடுப்பனவு தொடரலாம். கடும் நோய்க்கு ஆளாவோர் மொத்த மாணவரில் மிகச் சிறு பகுதி. அவர்களிலும் பாடசாலையை விட்டபின் சிகிச்சையில் இருப்போர் அதனினும் குறைவு. வருடாந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கும் வேலை இது.