புயலின் வலமும் இடமும்: திருவிடந்தைக் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கடலோரம் அமைந்த ஊர் திருவிடந்தை. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் இங்குள்ளது. திருமகளை இடப்பக்கம் கொண்ட எந்தை என ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவது மரபு. இவ்வூரின் புயல் வரலாற்றை எழுதுவதற்கும் வலம், இடம் என்னும் பகுப்பு இன்றியமையாதது. புயல் கரை கடந்த இடமும் அதன் உச்ச வேகமும் மட்டுமே குறிக்கப்படின், ஓர் ஊர் எத்தகைய காற்றை எதிர்கொண்டது என்பதை அறிய இயலாது.

கருத்தின் வரலாறு

புயற்காற்று மையத்தைச் சுற்றிச் சுழல்வதை அமெரிக்கரான வில்லியம் ரெட்ஃபீல்டு 1831இல் விளக்கினார். கப்பல்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு வங்கக்கடற் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848இல் வெளியிட்ட நூலில் 'சைக்ளோன்' என்னும் சொல்லை ஆக்கினார். புயலின் எப்பக்கத்தில் கப்பல் உள்ளது என்பதை அறிவது பாய்மரக் காலத்தில் உயிர்காக்கும் அறிவாயிற்று. வட அரைக்கோளத்தில், புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் 'ஆபத்தான அரைவட்டம்' எனப்பட்டது.

காரணம்

வட அரைக்கோளப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வன. வலப்பக்கத்தில் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் கூடுகின்றன. இடப்பக்கத்தில் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. சுழற்சி வேகம் மணிக்கு 100 கி.மீ., நகர்வு 20 கி.மீ. எனக் கொண்டால், எளிய கணக்கில் வலத்தே 120, இடத்தே 80 ஆகும். நில உராய்வு முதலியவற்றால் இவ்வேறுபாடு மாறுபடும். தென் அரைக்கோளத்தில் பக்கங்கள் இடம் மாறும்.

தமிழகக் கிழக்குக் கரையை நோக்கி மேற்காக நகரும் புயலுக்கு வடபுறமே வலப்புறம். அங்குக் காற்று கடலிலிருந்து வீசி நீரைக் கரைமேல் தள்ளுகிறது. தென்புறத்தில் அது நிலத்தைக் கடந்து வருவதால் தளர்வதோடு நீரைக் கடலுக்குள்ளும் தள்ளுகிறது.

திருவிடந்தையும் மூன்று புயல்களும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தது. திருவிடந்தை அதன் தெற்கே, இடப்பக்கத்தில் இருந்தது. 2020 நவம்பர் 25-26 நள்ளிரவை ஒட்டி நிவர் புதுச்சேரிக்கும் மரக்காணத்திற்கும் இடையே கரை கடந்தபோது இவ்வூர் வலப்பக்கத்தில் அமைந்தது. 2022 டிசம்பர் 9-10 இரவில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. அப்போதும் திருவிடந்தை சற்று வடக்கே, வலப்பக்கத்திலேயே இருந்தது. கரை கடக்கையில் வர்தா மாண்டஸினும் வலியது. ஆயினும் கரையை நெருங்கிய வேளையில் வர்தா இவ்வூருக்கு நிலக்காற்றாகவும், மாண்டஸ் கடற்காற்றாகவும் வந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

புயலின் வலிமை வரிசையும் ஓர் ஊர் பட்ட துன்பத்தின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே, பழம்புயல்களை ஆராய்வோர் ஆண்டையும் வேகத்தையும் மட்டுமன்றிக் காற்று வந்த திசையையும் தேடிப் பதிதல் வேண்டும். காற்று முதலில் கடலிலிருந்து வந்ததா, நிலத்திலிருந்து வந்ததா என்பது பற்றிய மீனவர் நினைவு, அளவுகருவி இல்லாத ஊர்களில் புயல் கடந்த பாதையை மீட்டெடுக்க உதவும் சான்றாகும்.