குகையும் வண்டிப்பாதையும்: கணினி விளையாட்டுக்குள் கதை புகுந்த வரலாறு



பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கணினி விளையாட்டை எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆயினும், பிள்ளை அந்த விளையாட்டுக்குள் என்ன செய்கிறான் என்று கேட்போர் மிகச் சிலரே. ஒரு நூலை எத்தனை மணி நேரம் படித்தான் என்று மட்டும் கேட்டுவிட்டு, அது என்ன நூல் என்று கேளாமல் விடுவோமா? இவ்வலைப்பூவை எழுதுபவன் தமிழாசிரியன் என்பது நீங்கள் அறிந்ததே. அவன் கணினி விளையாட்டுகளை விரும்பி ஆடுபவனும்கூட. எனவே இவ்விளையாட்டுகளுக்குள் கதையும் தேடலும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த வரலாற்றையும், அதன்மீது எனக்குள்ள கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வரலாற்றின் முதற்பக்கத்தில் நிற்பவர்கள் ஆசிரியர்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார்ல்டன் கல்லூரி மாணவர் டான் ராவிட்ச், மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியராக எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் மாட்டு வண்டிகளில் மிசூரியிலிருந்து ஒரிகனுக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் பயணம் செய்து குடியேறிய பாடத்தை அவர் நடத்த வேண்டியிருந்தது. அட்டையில் வரைபடம் தீட்டி, தாயக்கட்டை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டை அவர் திட்டமிட்டார். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணிதப் பயிற்சி ஆசிரியர்கள். நிரல் எழுதவும் தெரிந்தவர்கள். இதைக் கணினியில் செய்யலாம் என்றனர். இரண்டே வாரங்களில் நிரல் உருவானது. 1971 டிசம்பர் 3-ஆம் நாள் வகுப்பில் அது ஆடப்பட்டது. அதுவே 'ஒரிகன் டிரெயில்'.

அன்று வகுப்பில் திரை இல்லை. தொலைவில் இருந்த கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியே இணைந்த தட்டச்சுப் பொறி ஒன்றுதான் இருந்தது. மாணவர் தட்டச்சுச் செய்தால், பதில் தாளில் அச்சாகி வரும். கையிருப்புப் பணத்தில் மாடுகளுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். வேட்டையாட விரும்பினால் துப்பாக்கி ஓசையைக் குறிக்கும் 'பேங்' என்ற ஆங்கிலச் சொல்லை விரைவாகவும் பிழையின்றியும் தட்ட வேண்டும். எழுத்துப்பிழை நேர்ந்தால் மான் தப்பிவிடும்! (நம் வகுப்புகளில் வல்லின மெய் மிகுமா மிகாதா என்பதற்கு இப்படியொரு மானைக் கட்டிவைத்தால் என்ன என்று நான் எண்ணுவதுண்டு.)

பயிற்சிக் காலம் முடிந்ததும் கணினியிலிருந்து அந்நிரல் அழிக்கப்பட்டது. அதற்கு முன் ராவிட்ச் அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1974-இல் மினசோட்டாவின் கல்விக் கணினி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தவர், அந்தத் தாளைப் பார்த்து மீண்டும் தட்டினார். பின்னர் ஒரு வேலை செய்தார். என் பார்வையில் அவர் பெருமைக்கு அதுவே காரணம். அக்காலப் பயணிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தார். கடும் மழை எத்தனை முறை பெய்தது, எத்தனை வண்டிகள் உடைந்தன, நோய் எங்கே தாக்கியது, வழியில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் எத்தனை முறை உணவும் வழிகாட்டலும் தந்து உதவினர் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின்படியே விளையாட்டில் நிகழ்ச்சிகள் வருமாறு நிரலைத் திருத்தினார்.

இதில் எழுதப்பட்ட கதை ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கதாநாயகன் இல்லை, வசனம் இல்லை. ஆயினும் மருந்துக்குப் பணம் ஒதுக்காத குழு நடுவழியில் நோய்க்குப் பலியாகும்போது, அக்குழுவுக்கு ஒரு கதை கிடைத்துவிடுகிறது. அது அவர்களே உண்டாக்கிய கதை. குறையும் உண்டு. குடியேறியவன் வண்டியிலிருந்தே நாம் உலகைப் பார்க்கிறோம். யாருடைய நிலத்தின் வழியே வண்டி செல்கிறது என்ற கேள்வி பல்லாண்டுகள் கேட்கப்படவில்லை. 2021-இல் வெளிவந்த புதிய பதிப்புக்குத்தான் பூர்வகுடி வரலாற்றறிஞர்களைக் கலந்து, பூர்வகுடி மாந்தர்களையும் கதைகளையும் சேர்த்தனர்.

இனிக் குகைக்கு வருவோம்.

வில் குரௌதர் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பணிபுரிந்த நிரலர். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கிய குழுவில் ஒருவர். அவரும் மனைவி பாட்ரிசியாவும் குகை ஆய்வில் பேரார்வம் கொண்டவர்கள். கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகையும் பிளின்ட் ரிட்ஜ் குகையும் உள்ளே இணைகின்றன என்பதை 1972 செப்டம்பரில் கண்டறிந்த குழுவில் பாட்ரிசியாவும் இருந்தார். அவ்வாறு இணைந்த பின் உலகின் மிக நீளமான குகைத் தொகுதி அதுவே என்றாயிற்று. பின்னர் அத்தம்பதியர் மணமுறிவு பெற்றனர். குகைத் தோழர்களிடமிருந்து விலகி நின்ற குரௌதர், தம் இரு மகள்களும் வந்து தங்கும் நாள்களில் ஆடுவதற்காக 1975, 1976 ஆண்டுகளில் ஒரு விளையாட்டை எழுதினார். தாம் தவழ்ந்து திரிந்த குகையையே சொற்களால் கட்டினார்.

அதில் படம் இல்லை. நீ இன்ன இடத்தில் நிற்கிறாய், கிழக்கே ஒரு தாழ்ந்த வழி உள்ளது என்று கணினி முன்னிலையில் பேசும். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பன போன்ற இரு சொல் கட்டளைகளை ஆடுபவர் தட்ட வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் இப்படித்தானே வழி சொல்கிறது? நன்னனைக் காணச் செல்லும் கூத்தனை முன்னிலையில் நிறுத்தி, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் பாறை எங்கே என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் செல்வதல்லவா அது! குரௌதர் ஆற்றுப்படையை அறிந்திருக்க வாய்ப்பில்லை. முன்பின் தெரியாத நிலத்தில் ஒருவனைச் சொல்லால் நடத்திச் செல்ல முற்பட்டால் மொழி இந்த வடிவத்தைத்தான் எடுக்கும் போலும்.

ஸ்டான்ஃபர்டில் இருந்த டான் வுட்ஸ் இவ்விளையாட்டைக் கண்டு, குரௌதரின் இசைவைப் பெற்று, 1977-இல் அதை விரித்தெழுதினார். பூதங்களும் புதையல்களும் 350 மதிப்பெண்களும் வந்தன. அது கணினியிலிருந்து கணினிக்குப் பரவியது. 'அட்வெஞ்சர்' என்ற ஒரு விளையாட்டின் பெயரே ஒரு வகைமைக்குப் பெயராயிற்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் அதைப் பார்த்து 'சோர்க்' எழுதினர். ரோபெர்டா வில்லியம்ஸ் அதை ஆடிய வேகத்தில் 1980-இல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டைப் படங்களுடன் வடித்தார்.

குரௌதரின் மூல நிரல் தொலைந்ததாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2005-இல் ஸ்டான்ஃபர்டின் பழைய சேமிப்பிலிருந்து அது மீட்கப்பட்டது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் மெய்யான குகைக்கே சென்று ஒப்பிட்டு, விளையாட்டின் வருணனை அக்குகையோடு எவ்வளவு நெருங்கிப் பொருந்துகிறது என்பதை 2007-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு தந்தை தாம் நேசித்த இடத்தை மகள்களுக்குக் காட்ட விரும்பியிருக்கிறார். இந்த வகைமை முழுவதற்கும் வேர் அதுதான்.

சொல்லால் ஆன குகையைப் படமாக்கியவர் வாரன் ராபினெட். அட்டாரி நிறுவனத்தின் வீட்டு விளையாட்டுப் பொறிக்காக, வெறும் 4 கிலோபைட் அளவில் அவர் செய்த 'அட்வெஞ்சர்' 1980-இல் கடைகளுக்கு வந்தது. இந்தக் கட்டுரையின் தலைப்பெழுத்துகளையும் முதல் சில பத்திகளையும் சேமிப்பதற்கே அந்த இடம் போதாது. அக்காலத்தில் அந்நிறுவனம் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரைப் பெட்டியில் போடுவதில்லை. ஆகவே அவர் யாருக்கும் சொல்லாமல் ஒரு மறைவறையை அமைத்து, அதற்குள் தம் பெயரை எழுதிவைத்தார். பின்புலத்தின் நிறத்திலேயே உள்ள ஒரு புள்ளியைக் கண்டெடுத்தால்தான் அவ்வறைக்குள் நுழையலாம். ராபினெட் வேலையை விட்டு விலகிய பின், அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியவன் பதினைந்து வயதுச் சிறுவன். தேடுகிற பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும் பரிசு என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. ராபினெட் பின்னர் கல்வியாளர்களோடு சேர்ந்து 'தி லேர்னிங் கம்பெனி' என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கி, தருக்கச் சுற்றுகளைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் 'ராக்கிஸ் பூட்ஸ்' விளையாட்டை 1982-இல் தந்தார். மீண்டும் வகுப்பறை!

ஜப்பானில் ஷிகெரு மியாமொத்தோ, கியோத்தோ அருகே சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் மலைகளிலும் குகைகளிலும் திரிந்த வியப்பை 1986-இல் வெளிவந்த 'செல்டா'வில் வைத்தார். 128 திரைகளாக விரியும் நிலம். எங்கே செல் என்று கட்டளையிடுவார் இல்லை. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும் என்பதைப் பிள்ளைகள் பள்ளி இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தனர். அதே ஜப்பானில் கதையை முழுமையாக எழுதி, அதன் வழியே நம்மை நடத்திச் செல்லும் மரபும் செழித்தது. 1997-இல் மூன்று குறுவட்டுகளில் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 7'-இல் ஏரித் என்னும் பெண் பாதிக் கதையில் இறக்கிறாள். எத்தனை திறமையாக ஆடினாலும் அவளைக் காப்பாற்ற இயலாது. கண் கலங்காதவர் குறைவு. ஆகவே சொல்லப்படும் கதையை நான் தாழ்த்தவில்லை. எனினும் என் விருப்பம் எதுவென்று கேட்டால், மியாமொத்தோவின் பக்கமே நிற்பேன். தானே கண்டடைந்த ஒரு குகை, பிறர் சொன்ன பத்துக் கதைகளைவிட நெடுநாள் நினைவில் நிற்கிறது.

அப்படியானால் நிலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தனர். 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல் இருவரும் 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டைச் செய்தபோது, சூத்திரத்தால் உருவாகும் உலகங்களை எண்ணிலடங்காது பெருக்கும் வழியைக் கண்டனர். வெளியீட்டாளர் வேண்டாம் என்றார். எல்லாம் ஒரேபோல இருப்பது தெரிந்துவிடும் என்பதே காரணம். 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள் என்று நிறுத்திக்கொண்டனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட கோள்களோடு வந்தது. பல நாள் காத்திருந்து வாங்கியவர்கள், பத்துக் கோள்களைப் பார்த்ததும் சலித்தனர். அதன் படைப்பாளிகள் மனம் தளராமல் அடுத்தடுத்த ஆண்டுகளில் இலவசமாகப் பலவற்றைச் சேர்த்து மேம்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முதற்சலிப்பு 1984-இலேயே ஒருவர் முன்னறிந்த சலிப்பு. பெட்டியின்மேல் '100 மணி நேர விளையாட்டு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பக்க எண்ணிக்கைக்காக நீட்டப்பட்ட தொடர்கதைதான் நினைவுக்கு வரும்.

இதற்கு நேர்மாறானது 2023-இல் கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'. இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். உலகம் என்று பார்த்தால் ஒரு வீட்டின் அடுப்பங்கரைதான். 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியர் வெண்பாவும் பாவலனும். அவர்கள் மகன் கவின். தாய்வீட்டிலிருந்து வந்த சமையற்குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. இட்டிலித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது, எதற்குப் பின் எதைச் சேர்ப்பது என்று ஆடுபவர்தாம் ஊகித்து நிரப்ப வேண்டும். குரௌதரின் குகையில் இருட்டு மறைத்ததை இங்கே கறை மறைக்கிறது. தேடல் அதே தேடல்தான். பிரிட்டனின் பாஃப்டா 2024-இல் அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

மகன் வளர வளரத் தாயின் மொழியை விட்டு விலகுகிறான். தாய் தமிழில் கேட்பாள். அவன் ஆங்கிலத்தில் விடை சொல்வான். பின்னொரு நாளில் அவனே அந்த ஏட்டை விரிக்கிறான். அப்போது தமிழ் அவனுக்கு அரைகுறையாகவே கைவருகிறது. ஏட்டில் உள்ள கறையைத் துடைக்க நமக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கோ கறைபடாத வரியே பாதி விளங்கவில்லை. பெற்றோர்கள் இயன்றால் இந்த ஒரு விளையாட்டைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஆடிப் பாருங்கள். குறிப்பேட்டை வாய்விட்டுப் படிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.