முறுக்கிய கம்பியின் கதை



தோட்டத்து மண்டபத்தின் ஒரு கோடியில் ஓடும் படத்தை மறுகோடித் திரையில் காட்ட இன்று மெல்லிய கம்பிவடம் ஒன்று போதும். அதற்கு வழி திறந்தது தொலைபேசியே.

1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் பேச்சு ஒற்றைக் கம்பியில் சென்றது. மின்னோட்டம் பூமி வழியே திரும்பியது. பக்கத்துத் தந்திக் கம்பிகளின் இரைச்சல் பேச்சை விழுங்கிற்று. 1881இல் பெல் பெற்ற இன்னொரு காப்புரிமை தீர்வு சொன்னது: இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும். மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துபோகும்.

இன்றைய வடத்தில் இத்தகைய இணைகள் நான்கு. 2010இல் வந்த எச்.டி.பேஸ்-டி முறை படம், ஒலி, மின்சாரம் மூன்றையும் அதிலேயே 100 மீட்டர் வரை அனுப்பும். சில பெட்டிகளுக்கு ஒரு முனையில் மின்சாரம் கொடுத்தால் போதும். சிலவற்றுக்கு இருமுனையிலும் வேண்டும். உடன் வரும் குறிப்பைப் படித்தே இணைக்க வேண்டும்.

இத்தொழில் பழகும் பிள்ளைகளே! முனையில் முறுக்கை அதிகம் பிரிக்காதீர்கள். ஓர் இணையின் கம்பியை வேறோர் இணையோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால், பெல் விரட்டிய இரைச்சல் திரும்பிவிடும்.