கடைசி வரிசைக்காரரே!



“கலையை வாழவைத்தவர் முன்வரிசைக்காரரா, கடைசி வரிசைக்காரரா?” இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு போடு போட்டார்கள். “லண்டனைப் பாருங்கள். காசு கொடுத்து முன்னாலே உட்காருகிறவன் இல்லையென்றால் அங்கே ஒரு தியேட்டர்கூட நிற்காது” என்றார்கள். அம்மா, நான் 2019 ஜூன் மாதத்தில் லண்டனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். (கைதட்டல்)

தமிழ் விழா ஒன்றில் பேசப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் என்னையும் என் மனைவியையும் தங்க வைத்தார்கள். ஊருக்குத் திரும்புவதற்குள் எங்களுக்கு ஒரு நாடகம் காட்ட வேண்டும் என்று அந்த வீட்டு மகனுக்கு ஆசை. “எலிப்பொறி” என்ற பொருள்படும் அகாதா கிறிஸ்டியின் நாடகம். 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறி, நாங்கள் போனபோதும் நடந்துகொண்டே இருந்தது. நம்ம ஊர் மெகா சீரியலைச் சொல்லுகிறோமே, இது அதற்குப் பாட்டன்!

அந்த நாடகத்துக்கு சீட் எடுக்க அந்த வீட்டில் மூன்று நாள் மகாநாடு நடந்தது. கம்ப்யூட்டரில் அரங்கத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டார்கள். கீழே ஸ்டால், அதற்கு மேலே ட்ரெஸ் சர்க்கிள், அதற்கும் மேலே அப்பர் சர்க்கிள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு விலை. மகன், “பேராசிரியர் வந்திருக்கிறார், ஸ்டாலில்தான் எடுக்கவேணும்” என்கிறார். மருமகள், “ஸ்டாலில் முன்னாலை உயரமானவர் ஒருத்தர் இருந்தால் சரி, அவரின்ரை தலையைத்தான் பார்க்கலாம்” என்கிறார். அது முடிந்தால் சாப்பாட்டுப் பிரச்சினை. நாடகம் ஏழரைக்கு. அந்தப் பகுதி ஓட்டல்களில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கென்றே மலிவாக ஒரு சாப்பாடு போடுகிறார்கள். ஐந்தரைக்கு உட்கார்ந்து ஆறே முக்காலுக்கு எழுந்துவிட வேண்டும். என் மனைவி கேட்டாள்: “ஐந்தரைக்கு ராத்திரிச் சாப்பாடா? அது காப்பி குடிக்கிற நேரமாச்சே!” (சிரிப்பு)

இத்தனைக்கும் வீட்டுப் பெரியவர், மகனின் அப்பா, எண்பதை நெருங்குகிறவர், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: “எனக்கு மேலை போடு தம்பி. கடைசி வரிசை காணும்.” மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, சாப்பிட்டுவிட்டு நாடகத்துக்குப் போகிற பழக்கம் லண்டனில் நேற்று வந்ததல்ல. 1599-ஆம் ஆண்டு செப்டம்பர் 21. தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மணிவாக்கில் தேம்ஸ் நதியைக் கடந்து, கூரை வேய்ந்த ஓர் அரங்கத்துக்கு ஜூலியஸ் சீசர் நாடகம் பார்க்கப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர் அரங்குகளின் டிக்கெட் கணக்கையும் எழுதி வைத்துவிட்டார். ஒரு பென்னி கொடுத்தால் தரையில் நிற்கலாம். இன்னொரு பென்னி கொடுத்தால் உட்காரலாம். மூன்றாவது பென்னிக்கு மெத்தை கிடைக்கும்! நடுவிலே தின்பண்டமும் குடிப்பதற்கும் விற்றுக்கொண்டு வருவார்களாம். நம்ம முறுக்கும் சோடாவும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏன் இரண்டு மணி? திறந்த அரங்கம், மின்விளக்கு இல்லாத காலம். சூரியன்தான் விளக்கு. நடுப்பகலில் பெரிய சாப்பாடு, அது முடிந்ததும் நாடகம். அந்தப் பகுதியில் ரோஸ் என்ற இன்னொரு அரங்கம் இருந்தது. அதன் அடித்தளத்தை 1989-ல் தோண்டினார்கள். சிப்பி ஓடுகள், நத்தை ஓடுகள், பழ விதைகள் எல்லாம் கிடைத்தன. கொட்டைகளின் ஓடு தரை முழுக்கக் கிடந்தது. அத்தனையும் ரசிகர்கள் தின்று துப்பியது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு, தரை கெட்டிப்படக் கொட்டிய ஓடாகவும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். எப்படியோ போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். ஷேக்ஸ்பியர் யாருக்கு எழுதினார்? மெத்தைக்காரருக்கு மட்டுமா? மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றானே ஒரு பென்னிக்காரன், அவனையும் கட்டிப் போடத்தானே எழுதினார்! அவன் பாதியில் கிளம்பிவிட்டால் முற்றம் காலி.

அப்புறம் கூரை போட்ட அரங்கங்கள் வந்தன. சாமுவேல் பீப்ஸ் என்று ஒருவர், கடற்படை அலுவலகத்தில் பெரிய அதிகாரி, 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதியவர். நாடகப் பைத்தியம். மேடைக்கு முன்னால் இருந்த பள்ளமான பகுதிக்குப் “பிட்” என்று பெயர். சாய்மானம் இல்லாத பெஞ்சு, எண் கிடையாது. முந்தினவனுக்கே இடம். 1668 மே 2-ஆம் தேதி பீப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பகல் பன்னிரண்டு மணிக்கே போய் நல்ல இடமாகப் பிடித்தார். ஓர் ஏழை மனிதனை அங்கே உட்கார வைத்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் அரங்கம் நிரம்பி வழிகிறது. இவருடைய இடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நம்ம ஊர் பஸ்ஸிலே துண்டு போடுகிறோம். அவர் ஆளையே போட்டிருக்கிறார்! (சிரிப்பு) இன்னொரு தடவை, முன்னால் இருந்த பெண்மணி திரும்பாமலே துப்பியதில் எச்சில் இவர்மேல் விழுந்துவிட்டது. அந்தம்மா மிக அழகாக இருந்ததால் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்காரம்மா அந்த நாட்குறிப்பைப் படித்தார்களா என்பதுதான் என் கவலை.

நான் யோசிப்பது பீப்ஸைப் பற்றி அல்ல. அவருக்காக இடம் காத்தானே, அந்த ஏழையைப் பற்றி. பீப்ஸ் வந்ததும் அவன் எழுந்து போயிருப்பான். சீட்டிலே உட்கார்ந்தான், நாடகம் பார்க்கவில்லை.

காலம் போகப் போக லண்டன் சீமான்களின் சாப்பாட்டு நேரம் நகர்ந்துகொண்டே போனது. மதியச் சாப்பாடு மாலைக்குப் போனது, மாலை இரவுக்குப் போனது. நாடகமும் பின்னாலேயே ஓடியது. இரண்டு மணி ஆட்டம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆறு மணி ஆட்டம் ஆயிற்று. கடையைச் சாத்திவிட்டு வருகிற சிப்பந்தி ஆறு மணிக்கு எப்படி வருவான்? அவனுக்காக ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வந்தால் பாதி விலை. ஏழையின் சலுகை அது. 1763-ல் டேவிட் காரிக், பேர்பெற்ற நடிகர், ட்ரூரி லேன் அரங்கத்தின் முதலாளிகளில் ஒருவர், அந்தப் பாதி விலையை நிறுத்தப் பார்த்தார். விட்டார்களா? பெஞ்சை உடைத்தார்கள், விளக்கை உடைத்தார்கள். காரிக் இறங்கி வந்தார். பெஞ்சை உடைத்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். நான் வாத்தியார், பெஞ்சின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எந்த வலியில் உடைத்தான் என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய சண்டை 1809-ல் நடந்தது. கோவென்ட் கார்டன் அரங்கம் 1808 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்து போனது. ஒரு வருஷத்துக்குள் புதிதாகக் கட்டினார்கள். கட்டிய செலவை எடுக்க வேண்டாமா? பாக்ஸ் சீட்டு 6 ஷில்லிங்கிலிருந்து 7 ஆயிற்று. பிட் மூன்றரை ஷில்லிங்கிலிருந்து 4 ஆயிற்று. அரை ஷில்லிங்தானே என்று நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு காரியம் செய்தார்கள். மூன்றாம் மாடியில் பொதுமக்கள் உட்கார்ந்த வரிசையைப் பணக்காரர்களுக்கான தனி அறைகளாக்கி வருஷ வாடகைக்கு விட்டார்கள். உச்சிக் காலரியைப் புறாக்கூண்டு மாதிரி கட்டினார்கள். அங்கே உட்கார்ந்தால் நடிகனின் கால்தான் தெரியும்! காசு கொடுத்து மேக்பெத்தின் முழங்காலைப் பார்ப்பதா?

செப்டம்பர் 18-ஆம் தேதி திறப்பு விழா. மேக்பெத் நாடகம். நடிகரும் நிர்வாகியுமான ஜான் கெம்பிள் மேடைக்கு வந்தார். “பழைய விலை! பழைய விலை!” என்று ஒரே கூச்சல். நாடகத்தில் ஒரு வசனம் காதில் விழவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, 67 இரவுகள். மணி அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள், தொப்பியிலே எழுத்துப் பொறித்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சு மேலே ஏறித் தாளம் தட்டி ஒரு நடனமே கண்டுபிடித்துவிட்டார்கள். நிர்வாகம் டேனியல் மெண்டோசா முதலான குத்துச்சண்டை வீரர்களைக் காவலுக்கு இறக்கியது. அதுதான் தப்பாகப் போய்விட்டது. கோபம் இன்னும் கூடிற்று. கடைசியில் டிசம்பர் 14-ஆம் தேதி சமாதானம். எங்கே நடந்தது தெரியுமா? ஒரு விடுதியில், சாப்பாட்டு மேசையில்! போராட்டக்காரர்கள் வைத்த விருந்துக்குக் கெம்பிளே வந்து உட்கார்ந்தார். பிட் பழைய விலைக்கு இறங்கியது. தனி அறைகளைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை. பாக்ஸ் 7 ஷில்லிங் அப்படியே நின்றது. ஆனால் அதைக் கொடுக்க முடிந்தவன்தான் அதில் உட்கார்ந்தான். அவனுக்காக நான் அழப்போவதில்லை.

எதிரணிச் சகோதரி சவாய் அரங்கத்தைச் சொன்னார்கள். 1881-ல் முழுக்க மின்விளக்குப் போட்டது, பக்கத்திலேயே 1889-ல் சவாய் ஓட்டல் வந்தது, நாடகம் முடிந்த பிறகு சாப்பிடுவதே ஒரு நாகரிகமாயிற்று, எல்லாம் பணக்காரர் தந்தது என்றார்கள். உண்மை, மறுக்கவில்லை. பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியே கையால் சாப்பிடத் தரை டிக்கெட்காரன் போகவில்லை. ஆனால் அந்த முதலாளி டோய்லி கார்ட் 1882-ல் இன்னொன்றும் செய்தார், அதைச் சகோதரி விட்டுவிட்டார்கள். பிட்டுக்கும் காலரிக்கும் வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்தார். கியூ! அதற்கு முன்னே யாருக்குத் தோள் பலமோ அவனுக்கே இடம். 1794 பிப்ரவரியில் ஹேமார்க்கெட் அரங்கத்துக்கு ராஜா வருகிறார் என்று கூடிய கூட்டத்தில், பிட்டுக்குள் இறங்குகிற வழியில் நெரிசலில் குறைந்தது 15 பேர் செத்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் ஐயா! என்னைக் கேட்டால், சவாயின் மின்விளக்கைவிட அந்த வரிசைதான் பெரிய வெளிச்சம். (கைதட்டல்)

அதே ஹேமார்க்கெட்டில் 1880 ஜனவரி 31 அன்று பாங்க்ராஃப்ட் தம்பதி பிட்டையே எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளம் முழுக்க விலை கூடிய ஸ்டால் நாற்காலி. பழைய பிட் ரசிகன் மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. முதல் நாள் இருபது நிமிஷம் நாடகம் தொடங்க விடவில்லை. “பிட் எங்கே?” என்று கத்தினார்கள். இந்தத் தடவை தோற்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்த்தளம் கைவிட்டுப் போயிற்று. மேலே போகிறவனுக்குப் பழைய தியேட்டர்கள் பலவற்றில் சந்துப் பக்கம் தனி வாசல், தனிப் படி. பளபளக்கிற உடைக்காரர் கண்ணில் அவன் பட்டுவிடக் கூடாதாம்.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். அந்தப் பெரியவர் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஐந்தரைக்கு ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆறே முக்கால் ஆனதும் நாலு பக்கமும் நாற்காலி நகருகிற சத்தம். எல்லா மேசையும் ஒரே சமயத்தில் எழுந்தது. பெரியவர் மட்டும் எழவில்லை. எங்கள் தட்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார், முள்கரண்டி ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். மகன், “அப்பா, விடுங்கோ” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “1984-லை வந்தனான் தம்பி. இந்தத் தெருக்களிலை பதினாலு வருஷம் கோப்பை கழுவினனான். ஏழு மணிக்குக் கோப்பை எல்லாம் ஒண்டாய் வந்து குவியும். அப்ப விளங்கும், நாடகம் துவங்கப்போகுது எண்டு. இதே நாடகம்தான். நான் வந்த நாளிலையிருந்து அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போறனான். ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்லை.”

மகன் அவருக்கு எப்படியாவது கீழே நல்ல சீட் வாங்கித் தரவேண்டும் என்று ஏன் அப்படிச் சண்டை போட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பெரியவர் ஏன் மேலே கேட்டார் என்று படி ஏறும்போது நானே கேட்டேன். “அப்ப என்னட்டை காசு இருந்திருந்தால் இஞ்சைதான் வந்திருப்பன்” என்றார்.

எல்லோருமே மேலேதான் உட்கார்ந்தோம். செங்குத்தான வரிசை. முன்னால் சாய்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு அவர் ஒரு வசனம் விடாமல் பார்த்தார். கொலைகாரன் யார் என்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று கடைசியில் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம், அதனால் உங்களுக்குச் சொல்லமாட்டேன். (சிரிப்பு) திரை விழுந்து எல்லோரும் கைதட்டும்போது அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “இப்ப அங்கை கடைசிக் கோப்பை துடைக்கிற நேரம்” என்றார். பிறகுதான் கைதட்டினார், எல்லோரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள்.